கருங்கல் தாண்டாத ஆம்னி

நவம்பர் 3, திங்கள்

ஆம்னி வேன் இன்றும் நின்றுவிட்டது. கருங்கல் ஜங்ஷன் தாண்டியதும் இருமியது, இழுத்தது, செத்தது. பின்னால் முந்நூறு இடியாப்பமும் கடலைக்கறியும். நாகர்கோவில் நர்ஸிங் ஹாஸ்டலில் ஏழேகாலுக்கு இறக்க வேண்டியது. நான் போய்ச் சேர்ந்தது எட்டேகாலுக்கு. பிள்ளைகள் பன்னைத் தின்றுவிட்டு டியூட்டிக்குப் போயாச்சு. ஒருத்தி மட்டும் ஓடிவந்து நாலு இடியாப்பத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேட்ரன் ஜெபகனி சொன்னார்: “ஷைஜா, உனக்க இடியாப்பத்துல ஒரு கொறையும் இல்ல. ஆனா பசிக்கு மணி உண்டு, கேட்டியா. இந்த மாசம் பாப்பேன். டிசம்பர்ல வேற ஆளு.”

புதுக்கடையில் கிளம்பும்போது சிட்டாகப் பறக்கிற வண்டி. சூடானதும் நிற்கிறது. இருபது நிமிடம் ஆறப்போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் நிற்கிறது. தொண்ணூற்றொன்பது மாடல், கார்புரேட்டர் வண்டி. வயதாகிவிட்டதாம். யாருக்குத்தான் ஆகவில்லை?

நவம்பர் 4, செவ்வாய்

மதியம் மெக்கானிக் ஐயப்பனிடம் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். புது காயில், புது பிளக். “இப்பம் பெட்ரோல்ல எத்தனால் கலக்கியானுவ அக்கா. பழைய வண்டிக்கு ஒத்துக்காது. சூட்டுல ஆவியாயிரும்” என்றான். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பாட்டுதான்.

நவம்பர் 5, புதன்

இரணியல் வரை ஓடியது. அங்கே நின்றது. எஞ்சின் சீட்டுக்கு அடியில்தானே — சீட்டைத் தூக்கி பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றினேன். ஐயப்பன் சொன்ன வைத்தியம். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பொம்பளை ஓட்டினால் வண்டி நிற்கத்தானே செய்யும் என்கிற பார்வை. போங்கடா.

நவம்பர் 6, வியாழன்

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் எபிசன் கூப்பிட்டார். “ஏட்டி, அந்தத் தகரத்த வண்டி யாவாரம் செய்யுக ரதீஷுக்குக் குடு. அவன் கேட்டுட்டு நிக்கியான். நான் அனுப்புகது போராதா உனக்கு? வீட்டுல இரி.”

போதும்தான். ஆனால் காலையில் எழுந்து நான் எதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து ‘இரி, இரி’ என்றே கேட்டாயிற்று. இதையெல்லாம் சொல்லவில்லை. “பாப்போம்” என்றேன். என்ன பாப்போம்!

நவம்பர் 7, வெள்ளி

வில்லுக்குறி தாண்டிவிட்டது! தோட்டியோட்டில் நின்றது. எட்டு மணிக்கு ஹாஸ்டல். மேட்ரன் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு ஏசியிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கொழுந்தன் ஜெபிஷ் வழக்கம்போல் வண்டியை எடுத்துப்போய் டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வந்தான். டேங்க் சாவி அவனிடம்தான். செப்டம்பர் லீவில் எபிசன் ஒரு பூட்டு மூடி வாங்கிப் போட்டு, சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனார். “நீ பங்க்ல போய் நிக்காண்டாம்” என்று. அக்கறை என்றுதான் நினைத்தேன்.

இன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெபிஷ் கிலோமீட்டரை போட்டோ எடுக்கிறான். எங்கே அனுப்புகிறான் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கிலோமீட்டர் ஓடினேன், எங்கே சுற்றினேன் என்று மஸ்கட்டில் கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன்.

நவம்பர் 10, திங்கள்

கருங்கல். மழை கொட்டுகிறது, ஜில்லென்று காற்று, அப்படியும் நின்றது. பிறகு என்ன எழவுச் சூடு?

நவம்பர் 14, வெள்ளி

இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். திங்கள் கருங்கல். புதன் இரணியல். வெள்ளி தோட்டியோடு. இரண்டு வாரமும் அப்படியே. நாள் போகப்போக தூரம் கூடுகிறது!

ஐயப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்தான். “வண்டிக்குக் கெழம தெரியுமா அக்கா?”

வண்டிக்குத் தெரியாது. டேங்குக்குத் தெரியுமே. ஞாயிறு நிறைகிறது, அப்புறம் குறைந்துகொண்டே போகிறது. நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது. ஏன்? இன்னும் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 18 — எபிசன் பிளைட் ஏறினார். செப்டம்பர் 22, திங்கள் — ‘வண்டி வழியில் நின்றது.’ அதற்கு முன் ஒரு நாள்கூட நின்றதில்லை.

என் புத்தி போகிற போக்கு எனக்கே பயமாக இருக்கிறது. அவர் போட்டுவிட்டுப் போன பூட்டு மூடியா?

நவம்பர் 17, திங்கள்

ஐயப்பனை வம்படியாகப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். சொல்லிவைத்தாற்போல் கருங்கலில் நின்றது.

“டேங்கு மூடியத் தொற” என்றேன்.

“சாவி தாங்க அக்கா.”

“எங்கிட்ட இல்ல.”

என் வண்டிக்கு என்னிடம் சாவி இல்லை என்று சொல்ல நாக்கு கூசியது. ஜெபிஷுக்கு நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. பின்னால் இடியாப்பம் ஆறுகிறது.

“பூட்ட ஒடச்சிரு” என்றேன்.

“அய்யோ, எபிசன் அண்ணன் ஏசுவாவ.”

ஸ்க்ரூடிரைவரை அவன் கையிலிருந்து பிடுங்கி, சாவித் துவாரத்தில் குத்தி, கட்டிங் பிளேயரால் திருகினேன். பூட்டு பிய்ந்தது. மூடியைத் திருப்பியதும் புஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ஐயப்பன் வாயைப் பிளந்துவிட்டான். ஓடிப்போய் ஸ்டார்ட் சாவியைத் திருகினேன். நாலு முறை முக்கியது, பிடித்துக்கொண்டது.

“ஓட்ட இல்லாத மூடி அக்கா! பெட்ரோல் கொறயக் கொறய காத்து உள்ள போவாண்டாமா? வழியே இல்ல, பம்பு எப்பிடி இழுக்கும்? டேங்கு நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமும் இல்ல, அதான் சட்டுனு நிக்கிது. பொறவு எங்கயாம் கொஞ்சம் காத்து கசிஞ்சு ஏறும். நாம சூடு ஆறிட்டுன்னு நெனச்சோம். நான் எத்தனால ஏசிட்டுக் கெடந்தேனே!”

கருங்கல் கடையில் ஓட்டையுள்ள மூடி வாங்கிப் போட்டோம். பிறகு எங்கும் நிற்கவில்லை. பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் இல்லை, கோபம். இரண்டு மாசம்! நடுரோட்டில் எத்தனை நாள் நின்றேன், எபிசன் போட்ட பூட்டுக்காக.

நவம்பர் 18, செவ்வாய்

ஜெபிஷ் சொல்லிக் கொடுத்துவிட்டான். எபிசன் எடுத்த எடுப்பில் கத்தினார்.

“பூட்ட ஒடைக்க உனக்கு ஆரு சொன்னா?”

“நானே ஒடச்சேன்.”

“அது எதுக்குப் போட்டேன்னு தெரியுமா?”

“தெரியும். நான் எங்கயும் போய்ச் சேராம இருக்க. நல்லாத்தான் வேல செஞ்சுது.”

சொல்லிவிட்டேன். பிறகு, “ஓடுக வண்டிக்கு ரதீஷ் நல்ல வெல தருவான். அவன வரச் சொல்லுகேன்” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

ரதீஷ் பேப்பரோடு வந்தான். ஆர்சி என் பெயரில். அப்பா எனக்கு வாங்கித் தந்த வண்டி. “ஒரு கையெழுத்துதான் அக்கா, அண்ணன் எல்லாம் பேசியாச்சு” என்றான். சாயா கொடுத்தேன். குடித்தான். “அண்ணன் அவருக்க வண்டி எதையாவது வித்தா வாங்கிக்கோ மக்கா” என்றேன். பேப்பரை மடித்துக்கொண்டு போனான்.

நவம்பர் 26, புதன்

எபிசன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை. மாவு பிசையும்போதும் காது போனிலேயே இருக்கிறது. பிடிவாதமா, பயமா? இரண்டும்தான்.

டிசம்பர் 1, திங்கள்

ஆறு ஐம்பதுக்கு ஹாஸ்டல். மேட்ரன் தலைகூடச் சீவவில்லை. “இவ்வளவு வெள்ளனயா?” என்றார். வேறு ஆள் பேச்சே இல்லை. நாளையிலிருந்து நூறு இடியாப்பம் கூடுதலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

எபிசன் கூப்பிட்டார். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்துவிட்டதாம். சுகமா, மழை உண்டா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “திருவனந்தபுரம் ஏர்போட்டுக்கு என்ன விளிச்சிட்டுப் போக ஆரு வருவா? ஜெபிஷுக்கு அன்னைக்கு வேல உண்டு” என்றார்.

“நான் வாறேன். ஆனா காலத்த எறங்குக பிளைட்டு போடாதீங்க. எனக்கு இடியாப்பம் எறக்கணும். மதியத்துக்கு மேல உண்டெங்கி பாத்துப் போடுங்க.”

“செரி” என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். மதியம் ஒன்று இருபதுக்கு இறங்குகிறது.