உச்சி முகர்ந்த மூக்கு

மார்ச் 4
எங்கள் நாய் ஆஸ்பத்திரியில் ஏழாவது நாய். கருப்பை எடுத்த பொமரேனியன். தையல் பிரிந்து சீழ். சீழை லேபில் வளர்த்துப் பார்த்தேன். எந்த மருந்துக்கும் அடங்காத அதே கிருமி. நாய்த் தோலில் சும்மா கிடக்கும், புண்ணைக் கண்டால் புகுந்துகொள்ளும்.

மார்ச் 6
பொமரேனியன் செத்துப்போனது. அறுவைக்கு முன் நான் ரத்தம் எடுக்கும்போது எப்படி நடுங்கியது! வழக்கம்போல் உச்சி முகர்ந்த பிறகுதான் அடங்கியது.

மார்ச் 7
கூட்டம். வார்டு கூட்டும் உராய் அக்காதான் காரணம் என்கிறார் தலைமை மருத்துவர் தனேட். "பின்னாடி தெருநாய்ங்களுக்கு ஒட்டரிசிச் சோறு போட்டுட்டு அப்படியே உள்ள வருது. வேற எங்கேர்ந்தாவது வந்துச்சுன்னு நீ காட்டு, வான். இல்லேன்னா மாசக் கடைசியில அதை வேலையிலேர்ந்து அனுப்பிடுவேன்."

வெளியே அக்கா மாப்புக் குச்சியோடு நின்றார். "நான் கை கழுவிட்டுத்தான் வரேன். நீயே பாத்திருக்க இல்ல?"

பார்த்திருக்கிறேன். அப்புறம் ஏன் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை?

மார்ச் 9
கிருமியின் மரபணுவை முழுசாகப் படித்தால் எது எதன் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஏழு புண், ஐந்து தெருநாய், பதினொரு ஊழியர் மூக்கு. மூக்குகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். பட்டியல் என்னிடம். கடைசியாக என் மூக்கிலும் குச்சியை விட்டுக்கொண்டேன் — எண் பதினொன்று.

மார்ச் 15
மரபணு படிக்கும் கருவி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இடுப்பு விட்டுப்போகிறது.

மார்ச் 18
வீட்டில் என் நாய் காவ்லாமுக்குக் காதில் மறுபடி சீழ். பதிமூன்று வயதுக் கிழம். மருந்து விட்டு, உச்சி முகர்ந்து, வேலைக்கு ஓடினேன்.

மார்ச் 22
முடிவு வந்துவிட்டது. தெருநாய்க் கிருமிகள் வேறு குடும்பம். ஏழு புண்ணும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இருபத்தாறு லட்சம் மரபணு எழுத்தில் நாலைந்துதான் வித்தியாசம். அதே கிருமி ஒரே ஒரு மூக்கில்.

பதினொன்று.

மார்ச் 27
ஏதோ கலந்துவிட்டது என்று என் மூக்கில் புதிதாக எடுத்துப் பார்த்தேன். காவ்லாம் காதிலும் எடுத்தேன். அதன் காது, என் மூக்கு, அந்த ஏழு — எல்லாம் ஒன்று.

கைக்கு உறை போட்டியே, மூக்குக்கு என்னடி போட்ட? எங்க ஊர்ல முத்தமே மூக்காலதானே. தைரியம் சொல்றேன்னு கொன்னுட்டேனே.

பட்டியல் என்னிடம்தான். அறிக்கையில் 'ஊழியர் ஒருவர்' என்று எழுதினால் பொய்யில்லை. எல்லாரும் உராய் அக்கா என்று எடுத்துக்கொள்வார்கள்.

மார்ச் 29
என் பெயர் போட்டே கொடுத்தேன். தனேட் இரண்டு முறை படித்தார். "இனிமே நீ நாய்ங்க பக்கம் போகாத. லேபோட இரு." அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை மனுஷன். நான் கேட்டேன்.

"உன் மூக்கா?" அக்காவுக்குச் சிரிப்பு. "நல்லவேளை, நான் சோறு மட்டுந்தான் போட்டேன்." பிறகு சிரிக்கவில்லை. "இருபது நாளா எனக்குச் சோறு இறங்கல, வான்."

ஏப்ரல் 17
சோங்கிரான் புத்தாண்டு விடுமுறை முடிந்தது. புதிதாகப் புண் எதுவும் இல்லை. லேப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உராய் அக்கா தரை துடைக்கிறார்.

வீட்டில் காவ்லாம் தலையை என் மூக்கடியில் கொண்டுவந்து வைத்தது. கையால் மட்டும் தடவினேன். தலையை எடுக்காமல் அப்படியே காத்திருந்தது.