இடது முழங்கால்

மே 28, வியாழன்
ஏரிப்பக்கமிருந்து பனிப்புகார். காலமை படிக்கட்டு ஓட்டம், இருபது தரம். பன்னிரண்டோட இடது முழங்கால் நோகத் தொடங்கீற்றுது. போன ஒக்ரோபர் சவ்வு கிழிஞ்ச இடம்.
இன்னும் நாலு நாளில டீமின்ர பயிற்சிக் காம்ப். ஐஸ், டேப், புதுச் சப்பாத்து.
தமிழில எழுதுறன். டீமில ஆர் எடுத்தாலும் விளங்காது.
மில்லிக்கன் தெருத் தமிழ்க்கடையில எனக்குப் பின்னால ரெண்டு அங்கிள்மார்:
"உவன்தான் ஃபுட்போல் ஆடுறவன்."
"காலாலயோ?"
"இல்லை, பந்தோட ஓடிவாறவனை விழுத்திறதாம்."
"உதுக்குச் சம்பளமோ!"
லைன்பேக்கர் வேலையை இவ்வளவு சரியா ஒருத்தரும் சொன்னதில்லை.

மே 30, சனி
தூறல். மத்தியானம் குட்டி நித்திரை. கனவில மைதானம், புல்லு நெஞ்சுமட்டும். எதிராள் பந்தோட வாறான், மெதுவா, தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி. எங்க திரும்புவான் எண்டு எனக்குத் தெரியுது. சத்தமில்லை. பாரமில்லை. கால் இருக்கிறதே தெரியேல்லை.
முழிச்சா, மனிசி சுகந்தி முழங்காலுக்கு ஐஸ் வைச்சுக்கொண்டிருக்கிறா.
"இஞ்சாருங்கோ, இந்த வருசம் ஆடத்தான் வேணுமோ?"
"இருபத்தெட்டுத்தானே. இன்னும் மூண்டு சீசன் கிடக்கு."
"நான் வயசைக் கேட்கேல்லை. காலைக் கேட்டனான்."

ஜூன் 1, திங்கள்
காம்ப். நல்ல வெயில். கோச்: "டொக்டர் ஓம் எண்டால் நடு இடம் உனக்குத்தான்." சோதனை நாளைக்கு.
டீமின்ர பழைய ஆள் ஒருத்தன் காதுக்குள்ள: "நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வா. ஒரு ஊசி. ரெண்டு மணித்தியாலம் நோவே தெரியாது. எல்லாரும் செய்யிறதுதான்."
தலையாட்டினன்.

ஜூன் 2, செவ்வாய்
எட்டரைக்கே மைதானம். ஒருத்தருமில்லை. ஈரப்புல்லில இருந்து ஆவி. நடுவில போய் நிண்டன், என்ர இடத்தில. எவ்வளவு நேரமோ. மிதக்கிற மாதிரி.
ஊசிக்குப் போகேல்லை. நேர டொக்டரிட்ட.
காலை மடக்கினார். "நோகுதோ?"
"ஓம்."
"எப்ப இருந்து?"
"நிக்கவேயில்லை."
கோச் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. பட்டியலில பேரை வெட்டினார். காருக்குள்ள இருந்து அழுதன். பிறகு நல்ல பசி. கொத்துரொட்டி ரெண்டு.

ஜூன் 4, வியாழன்
வானம் மப்பு. டொக்டர் தந்த தாளில, திரும்ப ஆடலாம் எண்ட திகதி: செப்ரெம்பர் நடுப்பகுதி. சுகந்தி அதைப் பிரிட்ஜில ஒட்டினா. அவ வேலைக்குப் போனாப்பிறகு பேனை எடுத்து வெட்டி, ஓகஸ்ட் எண்டு எழுதினன்.