அக்காவின் மழைநாள் தலைவலி

என் ஆசை லூர்து அக்கா,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் செவ்வந்திப்பூவும் வாங்கி வச்சாச்சு. ஆனா இந்த வருஷம் உன் கல்லறை முன்னாடி முட்டி போட்டு ஜெபம் சொல்லிட்டுச் சும்மா திரும்பிட முடியாது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல நின்னா வாய் வராதுன்னுதான் எழுதறேன். நீ இருந்தப்பவே நாம நேர்ல பேசினா சண்டைதானே?

எழுதி முடிச்சதும் இதைக் கோயில் வாசல் பலகையில ஒட்டப் போறேன். பங்குச் சாமியார்கிட்ட அனுமதி கேட்டுட்டேன். பாலக்கரை பூரா படிக்கட்டும், என் ஒர்க் ஷாப்புக்கு வண்டி கொண்டுவர்றவங்களும் படிக்கட்டும். உன் தலைவலிக்குக் காரணம் நான்தான் அக்கா. உன் வண்டியில நான் மாத்திப் போட்ட புகைக்குழாய்தான்.

படிக்கறவங்களுக்குப் புரியணுமில்ல, முதல்லேர்ந்து சொல்றேன். நீ மிஷன் ஆஸ்பத்திரியில பிரசவ நர்ஸ். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற ஊர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போவே. யுத்தம் முடிஞ்சு ராணுவத்துல கழிச்சுக்கட்டின வண்டி ஒண்ணை நான் ஏலத்துல எடுத்து, தேக்குச் சட்டம் அடிச்சு, தகரம் போர்த்தி, பக்கத்துக்குக் கான்வாஸ் படுதா தொங்கவிட்டு, உனக்குன்னு ஒரு காரா ஆக்கிக் குடுத்தேன். முன்னாடி ஜீப்பு மூஞ்சி, பின்னாடி மாட்டுவண்டி முதுகு. "இதைப் பார்த்தா பிள்ளைத்தாச்சி பயத்துலயே பெத்துடுவாடா"ன்னு சிரிச்சே. சிரிச்சியே தவிர, ரெண்டே வாரத்துல ஓட்டக் கத்துக்கிட்டே. வெள்ளைச் சேலையோட நீ காந்தி மார்க்கெட் வழியா ஓட்டிட்டுப் போனா, மூட்டை தூக்கறவங்க மூட்டையோட நின்னு பார்ப்பாங்க.

அந்த ஊர் ரோடெல்லாம் மாட்டுவண்டிக்குன்னு ஆன மண்ரோடு. ரெண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளம், நடுவுல மேடு. வண்டிக்கு அடியில தொங்கற சைலன்ஸர் அந்த மேட்டுல கர்ருனு உரசிக்கிட்டே போகும். அந்தச் சத்தம் கேட்டதுமே பொம்பளைங்க அடுப்புல வெந்நீர் வச்சிடறாங்கன்னு நீ சொல்லுவே. ஒரு நாள் உரசி உரசிக் குழாய் அத்துக்கிட்டுத் தொங்கிருச்சு. மருந்துப் பெட்டியிலேர்ந்து கட்டுத்துணியை எடுத்துச் சுத்திக் கட்டி ஓட்டிட்டு வந்தே. துணி கருகி ஒரே நாத்தம். "உன் வண்டிக்கும் கட்டுப் போட்டாச்சுடா"ன்னு சாவியை என் மேல விட்டெறிஞ்சே.

எனக்கு ரோஷம் வந்துருச்சு. குழாயை வெட்டி, மேல தூக்கி வளைச்சு, சைலன்ஸரைத் தரைப்பலகையோட ஒட்டினாப்புல மாட்டினேன். ரோட்டுக்கும் சைலன்ஸருக்கும் நாலு விரல் இருந்த இடைவெளி ஒரு சாண் ஆச்சு. ஆனா குழாயைப் பின்கோடி வரைக்கும் கொண்டுபோகணும்னா பின் அச்சு இடிக்கும். அதைத் தாண்ட இன்னும் ரெண்டு வளைவு போடணும், ரெண்டு நாள் வேலை. நீ மறுநாளே வண்டி வேணும்னே. சே, பழியை உன்மேல போடக் கூடாது. அவசரம் என்னுதுதான். உரசாத வண்டியை உன் முன்னால நிறுத்திக் காட்டணும்னு அவசரம். குழாய் வாயைப் பின்சீட்டுக்கு அடியிலயே முடிச்சுட்டேன். வாய் வண்டிக்கு வெளியே இருக்கணும்கிறது தொழில்ல நேத்து சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

வண்டி உரசவே இல்ல. நீ ஊரெல்லாம் சொன்னே, "என் தம்பி கை பட்டா வண்டியே பறக்கும்"னு. அதைக் கேட்டு ஏழு பேர் வந்து அதே மாதிரி செஞ்சுக்கிட்டாங்க. நான் தரையில கால் பாவாம நடந்தேன் அக்கா.

அப்புறம் உனக்குத் தலைவலி ஆரம்பிச்சுது. "மழை நாள்லதான்டா வலிக்குது"ன்னு வாய்விட்டுச் சொன்னியே! நான் என்ன சொன்னேன்? "மழைத்தண்ணி தலையில இறங்கியிருக்கும், நொச்சி போட்டு ஆவி பிடி." வண்டிக்குள்ள புகை வாசம் வருதுன்னே. "பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசம் வராம மல்லிகைப்பூ வாசமா வரும்?"னு கேட்டேன். பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே. அந்தச் சிரிப்பு இப்பவும் காதுல விழுது.

மழை பெஞ்சாத்தான் நீ படுதாவை இறக்குவே. படுதாவை இறக்கினா புகைக்குப் போக வழியில்ல. இது ஏன் எனக்குத் தோணல?

நீ கண்ணைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடி வாங்கிப் போட்டே. காப்பியை நிறுத்தினே, நம்ம வீட்டுல பிறந்துட்டுக் காப்பியை! உன்கூட வர்ற ஆயா அஞ்சலை, வண்டியில ஏறிப் பாலம் தாண்டறதுக்குள்ள பின்சீட்டுல சாய்ஞ்சிடுவா. "தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி"ன்னு அவளைத் திட்டித் தீர்த்தே. மழையில நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்த பிள்ளைத்தாச்சிங்களும் அந்தப் பின்சீட்டுலதானே உட்கார்ந்தாங்க? அவங்கள்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு யாரைக் கேட்பேன்?

மூணு வருஷம் பொறுத்தே. அப்புறம் ஊர்களுக்குப் போறதையே விட்டுட்டே. வார்டுல உட்கார்ந்து துணி மடிக்கிற வேலையை நீயா கேட்டு வாங்கிக்கிட்டே. வண்டிச் சாவியை என் கையில குடுத்தப்ப சொன்னியே, "உன் வண்டி நல்ல வண்டிதான்டா. என் தலைதான் சரியில்ல."

நான் அதை அப்படியே வாங்கிக்கிட்டேன் அக்கா. மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. வண்டியை நல்ல வண்டின்னு சொல்லிட்டியேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷம் வேற.

அடுத்த வருஷம் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டு போயிருச்சு. அதுக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் சொன்னார். நிம்மதியா இருக்கணும்ல? இல்ல. அந்தக் கடைசி ஒரு வருஷமும் அந்த ஊர்ப் பேரைச் சொல்லிச் சொல்லி, "அங்க இப்ப யார் போறாங்களோ"ன்னு ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தியே.

இந்த ஆடி மாசம் உன் வண்டியைப் பிரிச்சேன். திருவெறும்பூர் பக்கம் பெரிய ஃபேக்டரி கட்டறாங்க, ஆள் ஏத்திப்போக வண்டி கேக்கறாங்கன்னு உன்னுதைச் சரிபண்ண நினைச்சேன். பின்சீட்டைத் தூக்கினா, மெத்தையோட அடிப்பக்கம் கரேல்னு கரி. பலகை இடுக்கெல்லாம் கரி. பார்த்த நிமிஷமே எல்லாம் புரிஞ்சு போச்சு.

இதுக்கு மேல சொல்றதுதான் கேவலம். மூணு மாசம் நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா தொழில்ல பேர் போயிடும்னு பயம். அந்த ஏழு வண்டியும் ஓடிக்கிட்டுதான் இருந்துது.

போன மாசம் ஸ்ரீரங்கத்து வக்கீல் வந்தார். அந்த ஏழுல அவருதும் ஒண்ணு. பிரேக் பார்க்கச் சொல்லிட்டுப் பேச்சுவாக்குல, "என் ஆத்துக்காரிக்கு மழை நாள்னா வண்டியில ஒரே தலைவலி. கோவிலுக்குக்கூட நனைஞ்சுண்டு நடந்தே போறேங்கறா"ன்னார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, மழைத்தண்ணி தலையில இறங்கியிருக்கும்னு. அதே வார்த்தை! உன் முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுது.

"சாமி, கோளாறு அம்மா தலையில இல்லீங்க. நான் போட்ட குழாயில"ன்னேன்.

அவர் கோபப்படல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏம்ப்பா, தெரிஞ்ச அன்னிக்கே சொல்லப்படாதோ?"ன்னு மட்டும் கேட்டார்.

அன்னிக்குச் சாயங்காலமே அஞ்சலை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா?"ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. "அந்தம்மாவுக்குத் தெரியாமயே போச்சே. எங்கிட்ட சொல்லி என்னங்க? அவங்ககிட்ட சொல்லுங்க." அவ சொல்லித்தான் இந்தக் கடிதம்.

உன் வண்டிக்குப் புதுக் குழாய் போட்டுட்டேன் அக்கா. அன்னிக்கு நான் தட்டிக்கழிச்ச ரெண்டு வளைவையும் போட்டு, பின் அச்சு மேல ஏத்தி இறக்கிக் கோடிக்கு வெளியே வாயை நீட்டிட்டேன். கோடியில கொஞ்சம் தாழ்வாத்தான் நிக்குது. மேட்டுல உரசத்தான் செய்யும். உரசட்டும். முதல்ல நான் மட்டும் படுதாவை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் நேத்து நல்ல மழையில அஞ்சலை வந்து பிடிவாதமா ஏறிக்கிட்டா. காவேரிப் பாலம் தாண்டினோம், கொள்ளிடப் பாலம் தாண்டினோம். அஞ்சலை தூங்கல அக்கா. வழி பூரா உன்னைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தா.

ஊருக்குள்ள நுழையறப்ப குழாய் மேட்டுல உரசிக் கர்ருனு சத்தம் போட்டுது. ரெண்டு வீட்டுலேர்ந்து பொம்பளைங்க மழையில வாசலுக்கு ஓடி வந்தாங்க. ஓட்டற சீட்டை எட்டிப் பார்த்தாங்க. நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு வண்டியில அஞ்சு வண்டியை மாத்தியாச்சு. மிச்சம் ரெண்டு, ஒண்ணு லால்குடியில, இன்னொண்ணு கைமாறிப் புதுக்கோட்டைப் பக்கம் போயிருக்காம். தேடிப் பிடிச்சு மாத்தாம ஓய மாட்டேன், இது உன்மேல சத்தியம். ஃபேக்டரிக்கு உன் வண்டி போகாது. ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்கிற நர்ஸம்மாவுக்கு ஓட்டக் கத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு எப்பவாவது தலை வலிக்குதுன்னு சொன்னா, வாயை மூடிக்கிட்டு முதல்ல வண்டிக்கு அடியில படுத்துப் பார்ப்பேன்.

சாவி வாங்கின அன்னிக்குச் சொல்லாததை இப்பச் சொல்றேன். உன் தலை நல்ல தலைதான் அக்கா. என் வண்டிதான் சரியில்ல.

நீ சொன்னதைக் கேட்காத தம்பி,
ஆரோக்கியம்