மூன்று தடவை மினுங்கினால்

இன்று பகல் காட்சிக்கு முன் என் டார்ச்சைத் திறந்தேன். பேட்டரி கசிந்து புளித்த நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் வந்தால் நீயும் வந்துவிடுவாய். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அதே தியேட்டரில்தான் இன்னும் இருக்கிறேன். இருட்டில் வருகிறவர்களுக்கு வெளிச்சம் அடித்து இடம் காட்டுகிற அதே வேலை. நீ போய் ஏழு வருஷமாகிறது.

முதலாளி நமக்கு டார்ச் வாங்கித் தந்ததே இல்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் நாம்தான் பொறுக்கினோம். உள்ளங்கையில் அடங்கும் தகர டார்ச். விற்கிற சீனரே கையில் கொடுக்கும்போது சிரிப்பார். ஒன்று தட்டினால்தான் எரியும், இன்னொன்று தட்டினால் அணைந்துவிடும். நாம் விடுவோமா? சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நகத்தால் நீவி உள்ளே ஒட்டினோம். யார் கண்ணும் கூசாமலிருக்க மிட்டாய் சுற்றிய சிவப்புத்தாளைக் கண்ணாடிமேல் கட்டினோம்.

கதவு திறக்கும் முன் கடைசி வரிசையில் நின்று, எது மேல் என்று பார்க்க இருவரும் திரைமீது அடிப்போம். என் வெளிச்சம் ஓரம் பிய்ந்த தோசை மாதிரி விழும். உன்னுடையது நல்ல வட்டம், ஆனால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. எதைச் செய்தும் அந்தப் பொட்டு போகவில்லை. அத்தனை பெரிய திரையில் சிவப்பாக ஒற்றைக் கண் நிற்கும்.

"அணைடா. அங்கேருந்து யாரோ நம்மளைப் பார்க்கிற மாதிரி இருக்கு."

"பார்த்தா பார்க்கட்டும் லா. டிக்கெட் இருக்கான்னு கேளு," என்றாய். காலையில் பூசைக்குப் போய்வந்த வாய் பேசுகிற பேச்சா இது என்று திட்டினேன்.

படம் ஓடும்போது கத்திக் கூப்பிட முடியாது. நீ மேலே பால்கனியில், நான் கீழே. அதனால் இடதுபக்கச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பேசிக்கொண்டோம். ஒரு மினுக்கு என்றால் மேலே ஓர் இடம் காலி. இரண்டு என்றால் இரண்டு. மூன்று என்றால் 'உடனே வா'.

உன் சுவிட்ச் ஒடிந்தபோது பால் டின் தகரத்தை வெட்டி நான்தான் வைத்துக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. இரண்டே நாளில் அது தானாக மினுங்கியது. இரண்டு தடவை மூச்சிரைக்கப் படியேறி வந்தேன். "நான் கூப்பிடலை லா, உன் தகரம்தான் கண்ணடிக்குது" என்று சிரித்தாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் மினுங்கினால் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைப் பகல் காட்சி. சுவரில் அந்தக் கண் மூன்று தடவை திறந்து மூடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. பாழாய்ப்போன தகரம் என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு இடம் காட்டப் போனேன். தட்டோடு உள்ளே வந்த கச்சாங் பூத்தே கடலைக்காரர், "மேலே உங்க ஆளு கூப்பிடுறாரு போல," என்றார்.

"அது சும்மா," என்றேன்.

இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். நீ பால்கனிப் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நெஞ்சுவலி என்று பிறகு டாக்டர் சொன்னார். கட்டைவிரல் சுவிட்ச் மேலேயே இருந்தது. டார்ச் எரிந்துகொண்டிருந்தது, துளியும் மினுங்காமல்.

அடக்கம் முடிந்ததும் உன் தங்கை அதை என்னிடம் கொடுத்தாள். "அண்ணனோட லைட்டு. நீங்களே வச்சுக்கங்க." வீட்டில் திறந்து பார்த்தேன். என் தகரம் இல்லை. அந்த இடத்தில், அரம் போட்டு வழவழப்பாக்கிய பித்தளைத் துண்டு. நீயே மாற்றியிருக்கிறாய், எனக்கு மறுபடி ரோஷம் வரும் என்று சொல்லவில்லை. அன்று என்னைக் கூப்பிட்டது தகரம் இல்லை, நீ. அன்றிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் கிடையாது.

உன் டார்ச்சின் பேட்டரியை எடுத்துவிட்டு அந்த வெறும் கூட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இன்று பாதிப் படத்தில், இடதுபக்கச் சுவரில் சிவப்பு வட்டம் விழுந்தது. நடுவில் கறுப்புப் பொட்டு. மூன்று தடவை மினுங்கிவிட்டு அணையாமல் நின்றது. பால்கனிக்கு ஆள் விடாமல் பூட்டி மாதக்கணக்காகிறது, சாவி என்னிடம்தான் இருக்கிறது. பையைத் தொட்டுப் பார்த்தேன். உன் டார்ச் இளஞ்சூடாக இருந்தது. என் உடம்புச் சூடாகவும் இருக்கலாம்.

"மேலே யாருமில்லையே, எங்க போறீங்க?" என்றார் டிக்கெட் கிழிக்கிறவர்.

"கூப்பிடுறான்," என்றேன்.

இது முதல் தடவை இல்லை. ஏறிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வெறும் சுவர்தான் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறதுடா. ஆனால் மூன்று என்றால் இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை. பூட்டைத் திறந்து ஏறி, நீ சாய்ந்திருந்த படிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"வந்துட்டேன்டா," என்றேன்.

சுவரில் வட்டம் அணைந்தது.