நான்கு அங்குலக் கட்டை

கட்டையின் உயரம் நான்கு அங்குலம். நேற்று குரும்பலூரில் உங்கள் வீட்டில், உங்கள் மகள் டேப் வைத்து அளந்து சொன்னார். உங்கள் கருமாதி முடிந்தபின் பரணைச் சுத்தம் செய்தபோது சாக்கு ஒன்றில் கிடைத்ததாம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கட்டைகள். பழைய கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. இத்தனை வருடமாக யார் கேட்டாலும் "ஜீப்பை இரண்டு அங்குலம்தான் உயர்த்தினோம்" என்றே சொல்லி வந்தேன். இரண்டு, நீங்கள் சொன்னது. நான்கு, நான் கேட்டது.

எண்பதுகளின் தொடக்கம். செய்திக்குப் போக நான் வாடகைக்கு எடுப்பது உங்கள் ஜீப்பைத்தான். செந்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கரிசல் பாதையை ஆழமாக உழுது வைத்திருக்கும். மழை பெய்தால் சக்கரங்கள் தடத்தில் இறங்கி, ஜீப்பின் வயிறு நடுமேட்டில் உட்கார்ந்துவிடும். ஒருமுறை கல்குழி சரிந்த இடத்துக்கு நாம் போய்ச் சேருவதற்குள், வேறு பத்திரிகைக்காரர் டிராக்டரில் போய்த் திரும்பிவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கச் சொன்னேன்.

"ரெண்டு அங்குலம் குடுக்கலாம் சார். அதுக்கு மேல வேணாம்."

"நாலு குடுத்தா என்னண்ணே?"

"மேடு தாண்டும், வளைவு தாண்டாது. குடத்த இடுப்புல வச்சுகிட்டு ஓடலாம். தலையில வச்சுகிட்டு சட்டுனு திரும்ப முடியுமா?"

"நீங்க ஜீப் ஓட்டுறீங்களா, கரகம் ஆடுறீங்களா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் ஜீப் நான்கு அங்குலம் உயர்ந்து நின்றது.

கரிசலில் அது எதிலும் சிக்கவில்லை. தார் ரோட்டில்தான் வேறு வண்டியாகிவிட்டது. ஸ்டியரிங் கம்பி சாய்ந்துபோனதால், சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தானாக ஒரு பக்கம் இழுத்தது. வளைவுகளில் கூண்டு வெளிப்பக்கம் சரிந்தது. நீங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டீர்கள். "இறக்கிடலாமா சார்?" என்று இரண்டு முறை கேட்டீர்கள். மழை முடியட்டும் என்றேன்.

மழை முடியவில்லை. ஒரு மத்தியானம் அரியலூருக்குத் திரும்பும்போது, வளைவில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. வேகமுள் முப்பதைத் தாண்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள். சக்கரம் திரும்பியது, மேல்பாரம் திரும்பவில்லை. பக்கவாட்டில் கவிழ்ந்த ஜீப்புக்கு அடியில் உங்கள் வலது கால். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தபாலாபீசிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தி சொன்னேன்: "ஓட்டுநர் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதால் ஜீப் கவிழ்ந்தது. உடன் சென்றவர் லேசான காயத்துடன் தப்பினார்." எல்லா விபத்துக்கும் நாங்கள் எழுதும் வாசகம். வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழக்கம் இல்லை. கட்டையை எழுதினால், வைக்கச் சொன்னவன் யார் என்றும் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் உங்களைப் பார்க்க வந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் பேப்பர் இருந்தது.

"பேரு சரியா போட்டுருக்கீங்க சார்," என்றீர்கள். "இனிஷியல்கூட தப்பில்ல."

கால் ஒருமாதிரி கூடி வந்தது. ஆனால் 'கவனக்குறைவு டிரைவர்' என்று பெயராகிவிட்டதால் சவாரிக்கு யாரும் கூப்பிடவில்லை. ஜீப்பை விற்றீர்கள். கட்டைகளை மட்டும் ஏன் வைத்திருந்தீர்கள் என்று உங்கள் மகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அப்பா அன்னைக்கு வேகமாவா சார் போனாங்க?"

"இல்லம்மா."

"அப்ப பேப்பர்ல அப்படிப் போட்டது யாரு?"

"நான்தான்."

அவர் காபி போட எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது ஒரு கட்டையைக் கேட்டேன். கையில் தராமல் தரையில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது.

இன்று காலை ஆறு வரியில் ஒரு திருத்தம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வேகம், கட்டையின் உயரம், கேட்டவன் பெயர் எல்லாம் அதில் உண்டு. இத்தனை பழைய செய்திக்குத் திருத்தம் போடும் வழக்கமில்லை என்றார் ஆசிரியர். கலந்து பேசி, திங்கட்கிழமை சொல்கிறாராம். போட்டால் பேப்பரோடும், போடாவிட்டால் நான் எழுதிய தாளோடும், செவ்வாய்க்கிழமை குரும்பலூர் வருவதாக உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.