காயட்டும், அப்புறம் பேசுங்க

காஞ்சிபுரம்
12.2.2009

அன்பு மகள் நதியாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் முட்டிவலி தவிர சுகம். உன் சுகத்தைக் கடிதத்தில் எழுது, போனில் கேட்டால் எப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய். சாயப் பட்டறையில் பட்டு நூலைக் கெடுத்துவிட்டேன் என்று பதினைந்து வருஷத்துக்கு முன் என்னை வேலையை விட்டு அனுப்பியதை நீ இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறாயே, அதை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பார்த்தோம். நான் போனில் சொன்னதைப் பதிவு செய்து அதில் சேர்த்திருக்கிறாய், என் குரல் கடை முழுக்கக் கேட்டது. இன்னா ரேணு, ரேடியோவுல பேசிக்கினு இருக்கியே என்று அப்பா கேலி செய்தார். முதலாளி பரமசிவத்தின் மகனும் சென்னையில் அதைப் பார்த்துவிட்டான். போன ஞாயிறு முதலாளியே வீட்டுக்கு வந்தார், நான் அங்கே வேலை செய்த காலமெல்லாம் எங்கள் தெருவில் கால் வைக்காதவர். பழைய கதைம்மா அது, பொண்ணாண்ட சொல்லி எடுக்கச் சொல்லு, புஸ்தகமா வேற வருதாமே என்றார். டீ கொடுத்தேன், தொடவில்லை. அந்த டீயை நானே குடித்துக்கொண்டு, எடுக்க முடியாது என்றேன்.

புத்தகம் போடுகிறவர்களும் வம்பு வேண்டாம், அம்மா பெயரை மாற்றிவிடலாம் என்கிறார்களாமே. மாற்றாதே. நூலைக் கெடுத்தவள் என்று ஊரெல்லாம் சொன்னபோது என் பெயரைத்தானே சொன்னார்கள்? கெடுக்கவில்லை என்று அச்சில் வரும்போது மட்டும் எதற்கு வேறு பெயர்?

ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம். ஈர நூலைப் பார்த்து நிறம் கறுத்துவிட்டது என்று முதலாளி கத்தியதை எழுதினாய், சரி. பட்டு ஈரத்தில் கறுத்துத்தான் தெரியும், காய்ந்தால்தான் அதன் நிறம், பட்டறைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் தெரிவது அது, அவருக்கு அன்று பொறுமை இல்லை. ஆனால் நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன் என்று எழுதினாயே, நீ பார்த்தாயா? மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாய். நான் அழவில்லை. காயட்டும், அப்புறம் பேசுங்க என்று சொல்லிவிட்டு, அந்த நூலில் ஓர் இழையைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். படிக்கிறவர்கள் உருக வேண்டும் என்று என் கண்ணில் தண்ணீர் விடாதே. அந்த இழையை இதோடு ஒட்டியிருக்கிறேன். ரேஷன் கார்டு மாறியும் அதன் உறைக்குள்ளேயே இருந்தது. அவர் அன்று கேட்ட நிறமும் அரக்கு, இதுவும் அரக்கு. புத்தகத்தில் நிறம் வராது என்றால் இன்டர்நெட்டிலாவது படம் எடுத்துப் போடு, ஊர் பார்க்கட்டும்.

அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு போ. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், மகராசியாய் இரு. நான் அழுத வரியை இரண்டிலும் எடுக்க மறக்காதே. அழுகை இருந்தே ஆக வேண்டுமென்றால், பிரவுசிங் சென்டரில் என் குரலைக் கேட்டு அழுதேன், அதைப் போட்டுக்கொள். அது நிஜம்.

உன் அம்மா,
வீ. ரேணுகாம்பாள்
(முழுப் பெயரையும் போடு.)