பென்சில் குறி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அத்தானுக்கு இருமல் தேவலை. நீ வெளிநாடு போய் எட்டு மாதமாகிறது. போனை எடுப்பதில்லை என்பதால், நீ முதலில் கொடுத்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வரி அலுவலகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அரைநாள் லீவு கேட்டதற்கு, எதற்கு என்றார் சூப்பர்வைசர். நான் ஒரு கம்பெனிக்கு டைரக்டர், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

உன் கம்பெனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீ காகிதம் கொண்டுவருவாய். பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருப்பாய். அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். கணக்கு எழுதியது வெளியூர் ஆபீஸ். அங்கே போன் போட்டேன். காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு மேடம், எல்லா ஃபைலும் உங்க மெயிலுக்கே அனுப்பிட்டோமே என்றாள் ஒரு பெண். என் பெயரில் மெயில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி நான் அடித்த கூத்தைக் கேள். பாங்குக்குக் கூட்டிப்போனபோது, யார் என்ன கேட்டாலும் இதையே சொல்லு என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வழியெல்லாம் ஒப்பிக்க வைத்தாய். வரி அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கம்பெனிய யாரும்மா நடத்துறது என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். அவர் அதை அப்படியே எழுதி, படித்துக்காட்டி, நீட்டினார். எங்கே கையெழுத்து என்றேன். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். போட்டுவிட்டேனடா, பாவி!

அதை மாற்றுவது கஷ்டம் என்கிறார் வக்கீல். நீ நேரில் வந்து உண்மையைச் சொன்னால் பார்க்கலாமாம். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால், கம்பெனி கட்டாத வரிக்காக என் பெயரில் இருக்கிற இந்த வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களாம். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. வாசல் கதவுக்குப் பச்சை அடிக்கட்டுமா, நீலமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நீலம் என்று சொல்லியிருக்கிறேன்.

சின்ன வயதில் யார் வந்தாலும், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லி என்னை அழவைப்பாய். ஒரே ஒரு தடவை வந்து அதை அவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. இந்தத் தடவை அழ மாட்டேன்.

நீ வர மாட்டாய் என்று தெரியும். எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் காகிதத்தில் யாரும் குறி போட்டுத் தரவில்லை. நானே இடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா